குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், கண்ணைக் காட்டுங்கள்

கண் மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் லூபஸ் உள்ளவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. பெரும்பாலானோர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எவருடைய பெயரையும் போடவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி உடலின் சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் லூபஸ். இந்த வருத்தம் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள்தான் அதிகம். மூட்டு, தோல், சிறுநீரகம் என்று எல்லோரும் யோசிப்பார்கள். கண்ணை யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வகையில் கண்ணிலும் பிரச்சினை வருகிறது.

கேள்வி: எனக்கு 36 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஏழு வருடமாக லூபஸ். ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் 200 மில்லிகிராம் குளிசை காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறேன். எடை 52 கிலோ. போன மாதம் பாமசியில் பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர், “இது மலேரியாக் குளிசை பிள்ளை, கண்ணைக் குருடாக்கிப் போடும், நிற்பாட்டு” என்றார். அன்றிலிருந்து பயத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் டொக்டரிடம் இதுவரை போனதும் இல்லை. முழுதாக நிற்பாட்டலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. இந்த வாரமே உங்கள் லூபஸைப் பார்க்கும் ரூமட்டோலஜி கிளினிக்குக்குப் போய், குளிசையைக் குறைத்துவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பயந்து மருந்தைக் குறைத்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

அந்த அன்ரி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் அது உங்கள் மனதில் இப்படிப் பதிந்துவிட்டது. நம் தாய் தகப்பன் காலத்தில் மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுத்தார்கள். அந்த மருந்தை வருடக்கணக்கில் எடுப்பவர்களின் விழித்திரை கெடுவதை 1959இலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. மலேரியா போய்விட்டது, குளிசையைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. நீங்கள் எடுப்பது அதே குடும்பத்து மருந்து, ஆனால் விழித்திரைக்கு அதைவிடப் பாதுகாப்பானது.

லூபஸ் உள்ள ஒருவருக்கு இந்தக் குளிசை செய்யும் நன்மை பெரியது. நோய் திரும்பத் திரும்பக் கிளம்புவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, இரத்தம் கட்டிபடும் ஆபத்தைக் குறைக்கிறது. 1991இல் கனடாவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மருந்தை நிற்பாட்டிப் பார்த்தார்கள். தொடர்ந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், நிற்பாட்டியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. அப்படிக் கிளம்பும் லூபஸ் விழித்திரையின் இரத்தக் குழாய்களிலும் கை வைக்கலாம். கண்ணைக் காப்பாற்றுவதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் நின்றுகொண்டுதான் சொல்கிறேன்: உங்கள் கண்ணுக்கு மருந்தைவிட அடங்காத லூபஸ்தான் ஆபத்து.

அடுத்தது அளவு. இதில்தான் உங்கள் கடிதம் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி 2016இல் சொன்ன கணக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது. உங்கள் 52 கிலோவுக்கு அது 260 மில்லிகிராம். நீங்கள் ஏழு வருடமாக எடுத்தது 400. கிலோவுக்கு ஏறக்குறைய 7.7. இது கூடுதல்தான். நோய் தொடங்கியபோது நீங்கள் எவ்வளவு எடை இருந்தீர்கள், இடையில் மெலிந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. கிளினிக்கில் இதைக் கேளுங்கள். உங்கள் எடை உள்ள ஒருவருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஒரு குளிசை, இரண்டு நாள் இரண்டு குளிசை என்று கொடுத்தால் சராசரியாக நாளுக்கு 257 மில்லிகிராம் வரும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் லூபஸின் நிலையும் சிறுநீரகப் பரிசோதனை முடிவும் தெரிந்த மருத்துவர். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நீங்களாக மாற்ற வேண்டாம்.

என் கண் அறையில் எடை பார்க்கும் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். கண் டொக்டருக்குத் தராசு எதற்கு என்று வருபவர்கள் பார்ப்பார்கள். இந்தக் குளிசை எடுப்பவர் வந்தால் முதலில் அதில்தான் ஏற்றுவேன். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிய எடையை வைத்து வருடக்கணக்கில் மருந்து போய்க்கொண்டிருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி, “கண்ணில் குறை இல்லை, அதனால் போகவில்லை” என்ற உங்கள் வரி. இந்த மருந்தால் விழித்திரை கெடத் தொடங்கும்போது ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியத் தொடங்கும்போது போன பார்வையைத் திருப்பி எடுக்க ஏலாது. மருந்தை நிற்பாட்டிய பிறகும் சிலருக்குப் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். குறை வருவதற்கு முன்பே பிடிப்பதற்காகத்தான் பரிசோதனை இருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும். ஐந்து வருடம் முடிந்த பிறகு ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள், மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிபென் எடுப்பவர்கள், உங்களைப் போல அளவு கூடியவர்கள் ஐந்து வருடம் வரை காத்திருக்கவே கூடாது.

போகும்போது விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கான், கண் எவ்வளவு அகலத்துக்குப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப் பரப்புப் பரிசோதனை இரண்டையும் கேளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டுவது இதற்குப் போதாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர்களில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் பார்வையின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயே தொடங்கும். ஆசிய மக்களில் பலருக்கு அது நடுவிலிருந்து தள்ளித் தொடங்குகிறது. நடுவின் பத்துப் பாகையை மட்டும் பார்க்கும் பரிசோதனை அதைத் தவறவிடலாம். ஆகவே கொஞ்சம் அகலமாகப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

சரி, ஆபத்து எவ்வளவு? அளவு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால், முதல் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பத்து வருடம் வரை நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருடம் தாண்டினால் அது ஏறக்குறைய இருபது பேர் என்று ஏறுகிறது. பத்தாவது வருடத்துக்குப் பிறகும் பரிசோதனையை விடக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்கானில் ஏதாவது சந்தேகம் தெரிந்து கண் டொக்டர் “குளிசையை நிற்பாட்டுங்கள்” என்று சொன்னாலும், “என் லூபஸ் டொக்டரோடு கதைத்துவிட்டுச் சொல்ல முடியுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. உள்ளதைச் சொன்னால், கொழும்பில் ரூமட்டோலஜி கிளினிக்கும் கண் கிளினிக்கும் நேரே சந்திப்பது அரிது. உங்கள் கொப்பிதான் அந்த இரண்டுக்கும் நடுவில் போய் வருகிறது. தனியாரில் டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்தாலும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தனித் துண்டில் எழுதித் தருவது ஒரு மாதத்தில் தொலைந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு 20 வயது. போன வருடம்தான் லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை காலையிலிருந்து வலது கண்ணில் கீழ்ப்பாதி இருட்டாக இருக்கிறது என்கிறாள். வலி இல்லை, சிவப்பு இல்லை. அடுத்த கிளினிக் இன்னும் மூன்று வாரத்தில். அதுவரை பொறுக்கலாமா? (மட்டக்குளியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இது மின்னஞ்சலில் வந்த அன்றே ஆசிரியர் குழுவில் ஒருவர் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்து, லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு உடனே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அதன் பிறகு நடந்ததை அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். விழித்திரையின் மேற்பகுதியில் இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. மேற்பகுதி கெட்டால் பார்வையில் கீழ்ப்பகுதிதான் இருளும். பிள்ளையின் இரத்தத்தில் அன்டிபொஸ்போலிப்பிட் எனப்படும் எதிர்ப்பொருட்கள் இருந்தன. லூபஸ் உள்ள சிலருக்கு இவை இருக்கும், இவை இரத்தத்தைக் கட்டிபட வைக்கும். உறுதிப்படுத்துவதற்காக 12 வாரம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்வார்கள். இப்போது கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், கட்டிபடாமலிருக்க மருந்தும் தொடங்கியிருக்கிறார்கள். இன்றைக்குக் கண்ணில் வந்தது நாளைக்கு மூளையிலோ நுரையீரலிலோ வராமல் தடுப்பதற்கும் அந்த மருந்துதான்.

மூன்று வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது. லூபஸ் உள்ளவருக்குப் பார்வை திடீரென்று குறைந்தால் கிளினிக் திகதியைப் பார்க்கவே கூடாது. அன்றைக்கே போக வேண்டும், இரவானாலும் போக வேண்டும். அடைபடுவது இரத்தம் கொண்டுவரும் குழாயாக இருந்தால் விழித்திரை சில மணி நேரத்திலேயே செத்துவிடும். வலி இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது.

கண்ணை அசைக்கும்போது வலித்து, பார்வை மங்கி, சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால் அது பார்வை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். அதுவும் அதே அவசரம்தான். கண் வெள்ளை கருஞ்சிவப்பாகி, இரவில் நித்திரை கலைக்கும் அளவுக்கு உள்ளே குடைந்து வலித்தால் அது வெண்விழியின் அழற்சி. அதையும் சாதாரணக் கண் நோய் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்று: காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

ஐயாவுக்கு இன்னொரு வார்த்தை. மகளின் பிரஷரையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கிப் பிரஷர் ஏறினால் அதுவும் விழித்திரையில் தெரியும். விழித்திரையில் பஞ்சுத் துணுக்குகள் போல வெள்ளைப் புள்ளிகளைக் கண்டால் நாங்கள் கண்ணோடு நிற்பதில்லை, உடனே உடல் முழுவதையும் பார்க்கச் சொல்லி அனுப்புவோம். அந்தப் புள்ளிகள் லூபஸ் அடங்காமல் இருக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், கோட்டையில் கணக்கு வேலை. நாள் முழுக்க ஏ.சி., கம்பியூட்டர். லூபஸ் நாலு வருடம். பின்னேரமானால் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல இருக்கிறது. பாமசியில் ஒரு சொட்டு மருந்து தந்தார்கள், போட்டால் உடனே சுகம். முடிய முடிய வாங்கிப் போடுகிறேன். அம்மா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்துப் போத்தலை எடுத்துப் பெயரை வாசியுங்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெதசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொய்ட். உடனே சுகம் தருவதே அதன் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், கண்புரையும் வரும். டொக்டர் எழுதித் தந்த துண்டில்லாமல் இதை வாங்கவே கூடாது. இதுவரை எவ்வளவு காலம் போட்டீர்கள் என்று சொல்லி, கண் அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இருப்பது கண் வறட்சி என்று நினைக்கிறேன். லூபஸ் உள்ளவர்களின் கண்ணில் மிக அதிகமாக வருவது இதுதான். கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் நோய் தாக்கும்போது வருகிறது. வாயும் காய்கிறதா, பாண் துண்டை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் சோக்ரன் என்ற வருத்தமும் சேர்ந்திருக்கலாம். கண் கிளினிக்கில் கீழ் இமையில் ஒரு கடதாசித் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைவாக நனைந்தால் கண்ணீர் நன்றாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கொழும்பின் புழுக்கத்தில் கண் எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஏ.சி. அறையில் போகிறது, திரையைப் பார்க்கும்போது இமைப்பதும் குறைகிறது. காற்று முகத்தில் நேரே அடிக்காத இடமாக மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். செயற்கைக் கண்ணீர் போடலாம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அந்த இரசாயனமே காய்ந்த கண்ணை இன்னும் அரிக்கும். இரவில் படுக்கும்போது ஜெல் போன்ற மருந்து நல்லது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், நந்தியாவட்டை வேண்டாம். காய்ந்த கண்ணின் மேற்பரப்பில் ஏற்கெனவே சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தும் எடுக்கிறீர்கள் என்றால், பிழிந்த பூச்சாற்றில் உள்ள கிருமி போதும், கருவிழியில் புண் வந்துவிடும். நல்லெண்ணெய், தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: தெஹிவளை. வயது 52. பதினைந்து வருடமாக பிரெட்னிசொலோன், கூட்டியும் குறைத்தும். இப்போது இரவில் காலி வீதியில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசுகிறது. வெயிலில் வாசிக்க முடியவில்லை. ஸ்டீரொய்டால்தான் என்று தெரிந்து நானே நிற்பாட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அக்கா, அதை மட்டும் செய்யாதீர்கள். நீண்ட காலம் ஸ்டீரொய்ட் எடுத்தவரின் உடல் அதைத் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிற்பாட்டினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். டொக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

நீங்கள் சொல்லும் கூச்சம் ஸ்டீரொய்டால் வரும் கண்புரைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அது வில்லையின் பின்பக்க நடுவில் வரும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது பார்வை அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் வெயிலில் மோசம். இதற்கு ஒப்பரேஷன் இருக்கிறது, பார்வை நன்றாகத் திரும்பும். லூபஸ் அடங்கியிருக்கும் காலமாகப் பார்த்துச் செய்வோம். கண் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதரச அளவில் 21 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். அது ஏறுவது ஆளுக்குத் தெரியாது.

கேள்வி: தெமட்டகொடையில் இருக்கிறேன், நாலு மாதக் கர்ப்பம். ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் எடுத்தால் பிள்ளைக்குக் கண் பழுதாகிவிடும், நிற்பாட்டு என்று மாமி சொல்கிறார். இவரும் பயப்படுகிறார்.

பதில்: மாமியின் பயம் பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தில் வருவது. அவரையும் ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். லூபஸ் உள்ள தாய்மாருக்குக் கர்ப்ப காலத்திலும் இந்தக் குளிசையைத் தொடரத்தான் சொல்கிறோம். கர்ப்பத்தில் இதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் கண் பாதிப்பு காணப்படவில்லை. நிற்பாட்டினால் நோய் கிளம்பும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு.

இரத்தத்தில் அன்டி-ரோ எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பை ஸ்கானில் தனியாகக் கவனிப்பார்கள். அந்த ஆபத்தைக் குறைப்பதற்கும் இதே குளிசை உதவுகிறது. இனி வரும் மாதங்களில் தலையிடியோடு கண் மங்கினால், மினுக்கு மினுக்கென்று பூச்சி பறந்தால், பிரஷர் ஏறியிருக்கலாம். அன்றைக்கே பிரசவ வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: பொன்னாங்காணியும் கரட்டும் நிறையச் சாப்பிட்டால் இதெல்லாம் வராமல் இருக்குமா? கறுப்புக் கண்ணாடி போட வேண்டுமா? இமையில் ஒரு சிவப்புத் தடிப்பும் இருக்கிறது, மாதக்கணக்கில் மாறவில்லை. (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பொன்னாங்காணி நல்ல கீரை, சாப்பிடுங்கள். லூபஸால் வருவதை அது தடுக்காது. கண்ணாடி போடுங்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். குடையும் பிடியுங்கள். வெயில் பட்டால் லூபஸே கிளம்பும். அந்த இமைத் தடிப்பைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். இமை அழற்சி என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசியும் மாறாத தடிப்பு சில நேரம் தோல் லூபஸாக இருக்கும். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அடுத்த கிளினிக்கில் அதையே முதலில் காட்டுங்கள். அன்று இமையில் மை பூச வேண்டாம்.